மாடிப்படிக் கைப்பிடியில் இரண்டு தட்டு

மாப்பிள்ளை,

இன்று மத்தியானம் கரண்ட் போயிருந்தது. பவித்ரா மாடி அறையில் உங்கள் மேஜை இழுப்பறையைக் குடைந்து, வெள்ளைப் பலகையில் எழுதுகிற நீலப் பேனா ஒன்றை எடுத்து மூடியைத் திறந்திருக்கிறாள். காற்றே இல்லாத நேரம். இருந்தாலும் அந்த நெடி படி வழியாக இறங்கி அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. சாராயமும் மருந்தும் கலந்தது போல ஒரு நெடி. நீங்கள் இங்கே வந்த புதிதில் எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. புளி கரைத்துக்கொண்டிருந்தவள் கையைச் சட்டிக்குள் வைத்தபடியே நின்றுவிட்டேன். "அப்பாவ சாப்பிட வரச் சொல்லு பவி" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

கையைக் கழுவிக்கொண்டு மேலே போனேன். பவி பலகையின் ஓரத்தில், வெறும் இடமாகப் பார்த்து, ஒரு பூ வரைந்துகொண்டிருந்தாள். நடுவில் நீங்கள் எழுதியது எல்லாம் அப்படியே இருக்கிறது. கட்டம் கட்டமாக, கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி போட்டு. அதை யாரும் அழிப்பதில்லை. அழிக்கக் கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை.

உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. சரியாகச் சொன்னால், உங்களிடம் நேராக நான் பேசுகிற முதல் பேச்சே இதுதான்.

வெளி ஆட்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லையா என்பார்கள். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் நான் பிறந்த ஊரில், மாப்பிள்ளை வந்தால் மாமியார் கதவுக்குப் பின்னால்தான் நிற்பாள். முகத்துக்கு நேரே வருவதில்லை, பேச்சு மகள் வழியாகத்தான் போகும், வரும். அது கோபமும் இல்லை, பயமும் இல்லை. மரியாதை. என் அம்மா என் வீட்டுக்காரரிடம் அப்படித்தான் இருந்தாள். மில்லில் வேலை பார்த்து அவர் ரெட்டியார்பாளையத்தில் இந்த வீட்டைக் கட்டி, நாங்கள் டவுன்காரர்களாக ஆன பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் என்னோடு வண்டியேறி வந்துவிட்டது.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும் மாப்பிள்ளை. இந்த வீட்டை உங்கள் வீடு என்று நினைத்தீர்களா, இல்லை மாமியார் வீடு என்று நினைத்தபடியேதான் போனீர்களா. அதைக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணல் மாணலாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சென்னையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, தனியாகத் தொழில் செய்யப்போவதாகச் சொல்லி, மலரையும் கைக்குழந்தையாக இருந்த பவியையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தபோது என் வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம்கூட நிறையவில்லை. பூட்டிக் கிடந்த மாடி அறையைத் திறந்துவிட்டேன். நீங்கள் டெலிபோன் கம்பி இழுத்தீர்கள், கம்ப்யூட்டர் வைத்தீர்கள், கரண்ட் போனால் கீ கீ என்று கத்துகிற ஒரு பெட்டியை வைத்தீர்கள், சுவரில் ஆணி அடித்து அந்தப் பலகையை மாட்டினீர்கள். மலருக்கு டவுனில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. அவள் காலையில் பஸ் ஏறிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் வீட்டில் நீங்கள் மேலே, நான் கீழே, நடுவில் பேச்சு வராத குழந்தை.

அந்த நாட்களில் நான் சுவரிடம்தான் பேசினேன். "சாப்பாடு ஆறுது" என்று படிக்கட்டைப் பார்த்துச் சொல்வேன். கொஞ்ச நேரம் கழித்து நீங்கள் இறங்கி வருவீர்கள். நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். தட்டு வைத்திருக்கும், குழம்பு வைத்திருக்கும், ஆள் இருக்க மாட்டேன். சாப்பிட்டு முடித்து, "ரசம் நல்லா இருந்துச்சு" என்று நீங்களும் தண்ணீர்க் குடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவீர்கள்.

இதற்கு நடுவில் எதிர் வீட்டு அம்மாள். அவள் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவள் சொல்தா வீட்டம்மா. கோலம் போடுகிற நேரத்தில் ஒரு நாள் கேட்டாள்.

"ஏம்மா, உங்க மாப்பிள லுங்கியோட மொட்ட மாடியில நின்னு யார்கிட்டயோ இங்கிலீஷ்ல சண்ட போடறாரே. வேல போயிடுச்சா?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று மாமியாருக்கே தெரியவில்லை என்றால் எப்படி. மலரைக் கேட்டேன். கன்சல்டன்ட் என்றாள். மறுநாள் காலையில் அதையே கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அதற்கு மறுநாள் சொல்தா வீட்டம்மா தன் சர்க்கரை டெஸ்ட் எடுத்த பேப்பரோடு வாசலில் வந்து நின்றாள். அவள் பார்த்த கன்சல்டன்ட் எல்லாம் டாக்டர்கள்தானே. நீங்கள் மாடியிலிருந்து இறங்கி வந்து அந்தப் பேப்பரைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சக்கரைய மட்டும் கொறச்சுக்கங்கம்மா" என்று சொல்லி அனுப்பினீர்கள். அவளுக்கு ரொம்பத் திருப்தி. மலர் வந்ததும் அவளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். நான் கதவுக்குப் பின்னால் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

அன்றைக்கு உங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும், இந்த அம்மாளுக்கு நம் வேலையைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று. என்னிடம் நேராகச் சொல்ல முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பவியை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டின் அடியில் வந்து உட்கார்ந்தீர்கள். அப்போதுதான் அவளுக்கு, என்னை ஆயா என்று கூப்பிடுகிற அளவுக்கு, நாலு வார்த்தை பேச்சு வந்திருந்தது. அவளிடம் சொல்வது போல அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி சொன்னீர்கள்.

"பவி, உங்க ஆயா பேசறது தமிழ். எதிர் வீட்டு சொல்தா தாத்தா வாயில வர்றது பாதி பிரெஞ்சு. நீ பேசறது உனக்கே புரியாது. ஒரு ஆபீசுக்குள்ள இருக்கற கம்ப்யூட்டருங்களும் அப்படித்தான். ஆளுக்கு ஒரு பாஷ. எல்லாத்தையும் ஒரே பாஷ பேச வைக்கணும்னா இடிச்சுட்டுத்தான் கட்டணும். நான் இடிக்கிறவன் இல்ல. அதது அது பாஷையிலயே இருக்கட்டும். நடுவுல போற சேதிய மட்டும் எல்லாத்துக்கும் புரியற மாதிரி எழுத வைக்கறேன். அந்த எழுத்துக்குப் பேருதான் எக்ஸ் எம் எல்."

பவி உங்கள் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் புரிந்தது. முழுசாக என்று சொல்ல மாட்டேன். இடிக்கிறவர் இல்லை என்பது புரிந்தது.

பிறகு என் எவர்சில்வர் டப்பாக்களை எடுத்துக்கொண்டு வரச்சொல்லி மலரிடம் சொல்லி, அந்த எழுத்தை எப்படி எழுதுவது என்றும் காட்டினீர்கள். ஒவ்வொரு சாமானுக்கும் அதன் பெயரைச் சொல்லித் திறக்க வேண்டும், அதே பெயரைச் சொல்லி மூட வேண்டும். பெரிய டப்பாவுக்குள் சின்ன டப்பா வைத்தால், சின்னதை மூடிய பிறகுதான் பெரியதை மூட முடியும். ஒன்றைத் திறந்துவிட்டு மூட மறந்தாலும் மொத்தக் கடிதமும் செல்லாது, எதிரில் இருக்கிற கம்ப்யூட்டர் வாங்க மாட்டேன் என்று திருப்பி விட்டுவிடும். அடுப்படியில் எனக்குச் சிரிப்பு வந்தது. மூடாத டப்பாவுக்காக நான் மலரைத் திட்டாத நாளில்லை. உங்கள் கம்ப்யூட்டரும் என் கட்சிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பவிக்கு நன்றாகப் பேச்சு வந்ததும் என் சேதி எல்லாம் அவள் வழியாக மேலே போக ஆரம்பித்தது. அதில் வந்த கூத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "குழம்பு சூடா இருக்குது, அப்பாவ இப்பவே வரச் சொல்லு" என்று அனுப்பினேன். அவள் மேலே வந்து, ஆயா சூடாக இருக்கிறார்கள், இப்போது வர வேண்டாமாம் என்று சொல்லியிருக்கிறாள். நான் ஏதோ கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து நீங்கள் சாயங்காலம் வரைக்கும் பட்டினி கிடந்தீர்கள். மாப்பிள்ளைக்கு என் மேல் என்ன வருத்தமோ என்று நானும் பட்டினி. மலர் வந்து விசாரித்தபோதுதான் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாளே சட்டம் போட்டீர்கள். ஆயா சொன்னதைப் பவி ஆயாவிடமே ஒரு முறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் படி ஏற வேண்டும். மேலே சேதி வந்ததும், நீங்கள் மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியில் மோதிரத்தால் இரண்டு தட்டு தட்டுவீர்கள். எங்கள் வீட்டில் உங்களுக்குப் போட்ட மாப்பிள்ளை மோதிரம். டிங் டிங் என்று அது கீழே அடுப்படி வரைக்கும் கேட்கும். "சேதி வந்துடுச்சுன்னு சொல்றதும் ஒரு சேதிதான், ஆயாகிட்ட சொல்லு" என்று பவியிடம் சொல்லி அனுப்பினீர்கள். அந்த வாரமே பலகையில் நம் வீட்டையும் வரைந்தீர்கள். கீழே ஒரு கட்டம், மேலே ஒரு கட்டம், நடுவில் பவி, போக ஒரு அம்பு, வர ஒரு அம்பு. எங்கே வேலைக்குப் போனாலும் இந்தப் படத்தைத்தான் முதலில் போட்டுக் காட்டுவதாக மலர் சொன்னாள். சாயங்காலங்களில் மொட்டை மாடியில் நீங்கள் போனில் வெள்ளைக்காரர்களோடு பேசும்போது "மை மதர் இன் லா" என்று அடிக்கடி வரும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அது ஒன்றுதான். என்ன சொல்கிறீர்கள் என்று புரியாவிட்டாலும், துணி எடுக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுப் போவேன்.

ஊரில் சில ஆஸ்பத்திரிகளையும் ஒரு ரத்த வங்கியையும் சேர்த்து வைக்கிற வேலையை எடுத்தீர்களே, அதுதான் உங்களை ரொம்பப் பாடு படுத்தியது. ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஆளுக்கு ஒரு முறை. ஒருவருக்கும் அடுத்தவர் முறை பிடிக்காது. யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் சொந்தக்காரர்கள் ஆட்டோ பிடித்து ஒவ்வொரு வாசலாக ஓட வேண்டும். அது வேண்டாம், இருக்கிற இடத்திலிருந்தே கேட்டால் பதில் வர வேண்டும் என்று நீங்கள் படங்களாகப் போட்டுத் தள்ளினீர்கள். அந்தப் பக்கம் கரண்ட் போயிருந்தால் என்ன செய்வது என்று மலர் கேட்டாள். கேட்கச் சொன்னது நான்தான்.

"சேதி தொலைஞ்சு போவாது. வாசல்ல காத்துட்டு இருக்கும். கரண்ட் வந்ததும் உள்ள போகும்" என்றீர்கள்.

அந்த வேலையில் ஒரு நாள் நீங்கள் போனில் கத்தியது தெருவுக்கே கேட்டது. நீங்கள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பதில் வராத இடத்தில் "ரத்தம் இல்லை" என்று காட்டிவிடலாம், பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் இருக்காது என்று அந்தப் பக்கம் இருந்தவர் சொல்லியிருக்கிறார்.

"பதில் வரலைன்னா பதில் வரலன்னு காட்டணும் சார். இல்லன்னு காட்டக் கூடாது. ரெண்டும் ஒண்ணு இல்ல. இல்லன்னு பாத்துட்டா அந்தாளு தேடறத விட்டுருவான்."

அதை நான் அன்றைக்கு உங்கள் தொழில் பேச்சு என்று நினைத்தேன்.

பவிக்குக் காது குத்தியது வீராம்பட்டினம் அம்மன் கோயிலில். சாப்பாட்டுப் பந்தியில் உங்கள் அண்ணன் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார், "தம்பிக்கு மாடியும் மாமியாரும் நல்லா அமைஞ்சு போச்சு. இனிமே எதுக்கு அவனுக்குச் சொந்த வூடு?" கெட்ட எண்ணம் இல்லை அவருக்கு, வாய்தான் கொஞ்சம். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் இடது கையால் மோதிரத்தைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தீர்கள். தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து மலரிடம் சொன்னீர்கள், தை பிறந்ததும் வேறு வீடு பார்த்துவிடலாம் என்று. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனதும் பவியை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன்.

"இந்த வூடு உங்களோடதுன்னு ஆயா சொல்லச் சொன்னாங்க. எங்கயும் போவ வேணாமாம். எங்க, சொல்லு?"

பிசகில்லாமல் திருப்பிச் சொன்னாள். படி ஏறினாள். நான் கீழே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அப்புறம் டிங் டிங் என்று இரண்டு தட்டு, என் உள்ளங்கைக்குள் அதிர்ந்தது.

பவி இறங்கி வந்தாள். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல ஆயா. தட்டுனாரு."

நீங்களே முன்பு சொன்னதுதான். தட்டினால் சேதி வந்துவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம், சரி என்று அர்த்தமில்லை, சரி என்பது தனியாக வர வேண்டும். பரவாயில்லை, யோசித்துச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

ஐப்பசி மழையோடு உங்களுக்கு வயிற்று வலி வந்தது. அல்சர் என்றார்கள். கார்த்திகை கடைசியில் அல்சர் இல்லை, கட்டி என்றார்கள். தை பிறந்தது. யாரும் வீடு பார்க்கவில்லை. என் சேதிக்காக நின்றீர்களா, வலிக்காக நின்றீர்களா, எனக்குத் தெரியவில்லை. நோயில் கிடக்கிற மனிதரிடம் அதைப் போய்க் கேட்பதா.

அந்த மாதங்களிலும் நீங்கள் வேலையை விடவில்லை. சென்னையிலிருந்து ஒரு பையனை வரவழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, எல்லாவற்றையும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். கஞ்சி எடுத்துக்கொண்டு வந்து கதவோரம் நின்ற நாளில் என் காதில் விழுந்தது.

"நான் இல்லாட்டியும் ஓடணும். என்னைக் கேட்டாத்தான் ஓடும்னா நான் கட்டினது சரியில்லன்னு அர்த்தம்."

அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். நான் கஞ்சியை வாசற்படியில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

விரல் மெலிந்து மோதிரம் நிற்காமல் போனதும் அதற்கு நூல் சுற்றிப் போட்டுக்கொண்டீர்கள். எழுந்து படிக்கு வர முடியாமல் போனதும் கட்டில் சட்டத்தில் தட்டினீர்கள். நூல் சுற்றிய மோதிரம், மரச் சட்டம். டிங் என்று கேட்காது. டொக் டொக் என்று கேட்கும். கீழே அடுப்பில் விசில் வந்தால் அதுவும் கேட்காது. அதனால் அந்த நேரத்தில் குக்கர் வைப்பதை விட்டேன்.

ஒரு நாள் பவி இறங்கி வந்து சொன்னாள். அந்த மாதங்களில் நான் ஒன்றும் சொல்லி அனுப்பாமல் உங்களிடமிருந்து தானாக வந்த சேதி அது ஒன்றுதான்.

"ஆயா, அப்பா சொல்லச் சொன்னாரு. ஒரே ஒரு தடவ ஆயாவ நேரா பேசச் சொல்லு. நடுவுல நீ வேணாம்னாரு. நான் வேணாமா ஆயா?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவளைத் தேற்றி எதிர் வீட்டில் விளையாட விட்டுவிட்டு, கஞ்சியைக் கையில் எடுத்துக்கொண்டு படி ஏறினேன். வாசற்படி தாண்டி அறைக்குள் வந்தேன். உங்கள் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கண் மட்டும் அப்படியே இருந்தது. நீங்கள் காத்திருந்தீர்கள். எனக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் தொண்டையில் இருந்தது. இந்த வீடு உங்களுடையது, என் வயிற்றில் பிறக்காத குறைதான், எழுந்து உட்காருங்கள். எல்லாம் இருந்தது. வாயைத் திறந்தேன். ஐம்பது வருஷத்துப் பழக்கம் வந்து நாக்கை மடக்கிவிட்டது.

"பவி, உங்கப்பாவ கஞ்சி குடிக்கச் சொல்லு" என்றேன்.

பவி அங்கே இல்லை. நான்தானே அவளை அனுப்பியிருந்தேன். இரண்டு பேரும் அந்தக் காலி இடத்தைப் பார்த்தோம். நீங்கள் சிரித்தீர்கள் மாப்பிள்ளை. வலியோடு, சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரித்தீர்கள். அப்புறம் கட்டில் சட்டத்தில் டொக் டொக் என்று தட்டினீர்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினேன். நாலு படி இறங்கியதும் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த மாடியை நீங்கள் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் நான் வார்டு கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். ஒரு காலையில் மலர் வெளியே வந்து என் மடியில் முகத்தை வைத்தாள்.

உங்கள் அண்ணன் திண்டிவனத்திலிருந்து வண்டியோடு வந்துவிட்டார். அழுது அழுது கண் சிவந்து, தோளில் துண்டோடு, ஆண்கள் நாலைந்து பேர் நின்ற இடத்தில் சொன்னார். ஊருக்கு எடுத்துப் போவதுதான் முறை, அப்பா போன வாசலிலிருந்துதான் தம்பியும் போக வேண்டும் என்றார்.

"மாமியார் வூட்டு வாசல்லருந்தா தூக்குறது? நாளைக்கு நாலு பேரு என்ன சொல்வாங்க, அவனுக்கு ஒரு வூடு இல்லன்னுதான்."

மலர் பெஞ்சிலிருந்து எழவில்லை. அவளால் முடியாது. மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். வண்டிக்காரர் கதவைத் திறந்துவிட்டார். நான் வார்டு கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன் மாப்பிள்ளை. சம்பந்தி வீட்டு ஆண்கள் முன்னால் நின்று நான் பேசினேன். யார் வழியாகவும் இல்லை.

"அது மாமியார் வூடு இல்ல. அவரு வூடு. அங்கதான் வரணும்."

உங்கள் அண்ணன் என்னையே பார்த்தார். என் குரலை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு, "சரிம்மா" என்றார். ரெட்டியார்பாளையத்துக்குத்தான் வந்தீர்கள். இந்த வாசலிலிருந்துதான் போனீர்கள். சொல்தா வீட்டு ஐயா தன் பட்டாளத்துத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் விறைப்பாக நின்றார்.

நேராகப் பேசிவிட்டேன். கேட்க வேண்டியவருக்குத்தான் கேட்கவில்லை.

அந்தச் சென்னைப் பையன் போன மாதம் கம்ப்யூட்டரை எடுத்துப் போக வந்தான். பலகையின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். ரத்த வங்கி வேலை ஒரு நாள்கூட நிற்காமல் ஓடுகிறதாம், புதிதாக இன்னொரு ஆஸ்பத்திரியைச் சேர்த்தார்களாம், எதையும் இடிக்க வேண்டியிருக்கவில்லையாம். நீங்கள் கட்டியது சரிதான். அங்கே எல்லாம் ஓடுகிறது. வீடுதான் ஓடவில்லை. மலர் பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள். என்னோடு பேசுவதற்கு அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. பவிதான் போய் வருகிறாள். அம்மா சாப்பிட மாட்டாங்களாம் ஆயா என்கிறாள். சாப்பிடச் சொல்லு என்கிறேன்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பில் டீச்சர் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். பக்கத்துப் பெண், இவளுக்கு அப்பா இல்லை என்று சொல்லியிருக்கிறாள். இவள் எழுந்து நின்று, ஆளுக்கு ஒரு பாஷை பேசுகிறவர்களை இடிக்காமல் சேர்த்து வைக்கிற வேலை என்று சொல்லியிருக்கிறாள். மடியில் உட்கார்ந்து உங்கள் மூக்கை இழுத்துக்கொண்டிருந்தவள் எப்போது அதைக் காதில் வாங்கினாள். டீச்சர் மலரிடம் சொல்ல, மலர் என்னிடம் நேராகவே வந்து சொன்னாள். தெரு முழுக்க நான் சொல்லிவிட்டேன். சொல்தா வீட்டம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. இனிமேல் வராது என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். பதில் வரவில்லை என்றுதான் எழுதுவேன். நீங்கள் போனில் கத்தியது எனக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. இல்லை என்று எழுதிவிட்டால் தேடுவதை விட்டுவிடுவேனே. இந்த வீட்டில் நான் கூட்டுகிற ஒவ்வொரு மூலையிலும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் என் பக்கம் ஒன்று நிற்கிறது. நேராகப் பேசச் சொல்லி நீங்கள் அனுப்பிய சேதி. அது வந்தது என்றுகூட நான் உங்களுக்குச் சொல்லவில்லை. கரண்ட் இல்லாத வீட்டு வாசலில் அது இத்தனை நாளாகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

அதனால் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நடுவில் எழுந்து போனேன். மோதிரம் மலரிடம் இருக்கிறது, அதைக் கேட்கவில்லை. குழம்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு படியில் பாதி தூரம் ஏறி, கைப்பிடியில் இரண்டு தட்டு தட்டினேன். டிங் டிங் என்று பழைய மாதிரியே கேட்டது. பவி மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள். கை எல்லாம் நீல மை.

"யாருக்கு ஆயா தட்டற?"

"உங்கப்பாவுக்கு."

அவள் ஒரு படி இறங்கி வந்தாள். முகத்தில் அந்தப் பழைய கவனம் வந்துவிட்டது, சேதி வாங்கிப் போகிறவள் முகம்.

"என்னன்னு சொல்லணும்? நான் போய்ச் சொல்லட்டா?"

"வேணாம்மா. நானே சொல்லிக்கறேன்."